ரேஞ்ச் கேட்காதீங்க, பார்க்கிங்கைக் கேளுங்க

எலக்ட்ரிக் கார் வைத்திருக்கிறேன் என்றதும் எல்லாரும் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?" என்னுடையது 2020-இல் வந்த, டாடாவின் முதல் எலக்ட்ரிக் நெக்ஸான். பேட்டரி 30.2 யூனிட் பிடிக்கும். சான்றிதழில் 312 கிலோமீட்டர். சென்னை வெயிலில் ஏசி போட்டு ஓட்டினால் 200 சொச்சம். வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்கு ஆபீஸ் போய்வர இது தாராளம்.

கேட்க வேண்டியது வேறு: "உங்க பார்க்கிங்ல 15 ஆம்ப் பாயின்ட் இருக்கா?"

எங்கள் அபார்ட்மென்டில் இல்லை. மீட்டர் போர்டிலிருந்து என் கார் நிற்கும் தூண் வரை ஒரு கேபிள், தனி எம்.சி.பி. (லோடு கூடினால் தானே அணையும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த், ஒரு சாக்கெட். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. அசோசியேஷனைச் சம்மதிக்க வைக்க மாதக்கணக்கானது. "தீப்பிடிச்சா யார் சார் பொறுப்பு?" என்றார் ஒருவர். அவர் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில்தான் ஜெனரேட்டருக்கான டீசல் கேன் இருக்கிறது. இன்னொருவருக்குப் பொது கரண்டை நான் உறிஞ்சிவிடுவேனோ என்று கவலை. என் மீட்டர், என் பில் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் விட்டார்கள்.

அதுவரை பொது சார்ஜர்தான் கதி. கம்பெனிக்கு ஒரு ஆப், ஆப்புக்கு ஒரு வாலெட். மேப்பில் பச்சையாகக் காட்டும். போனால் திரை செத்துக் கிடக்கும், இல்லையென்றால் ஏதாவது டீசல் வண்டி குறுக்கே நிற்கும். 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் குறைந்துவிடும். அதற்குப் பிறகும் நூறு ஆகட்டும் என்று உட்கார்ந்திருப்பவர்களை என்ன சொல்ல!

வீட்டில் பாயின்ட் வந்ததும் வாழ்க்கையே மாறியது. ராத்திரி செருகினால் காலையில் ஃபுல். அப்புறம், ஈபி பில். இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு என்பதால் கார் வந்தால் 500 யூனிட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் கட்டணமும் சேர்ந்து ஏறும், இதை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. அப்படியும் பெட்ரோலுக்குப் பக்கத்தில்கூட வராது.

புதுக் கட்டடங்களில் 20 சதவீத பார்க்கிங்குக்கு சார்ஜிங் வசதி வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் 2019-லேயே சொல்லிவிட்டன. அது வெறும் மாதிரி விதிதானே, பில்டர் செய்வார் என்று நம்பி இருக்க முடியாது. ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் மாடுலர் கிச்சனைப் பார்த்த கையோடு பார்க்கிங்குக்கும் இறங்கிப் பாருங்கள். "பாயின்ட் குடுத்துடலாம் சார்" என்றால், சரி, அதை அக்ரிமென்டில் போடச் சொல்லுங்கள்.