பிசினஸ் டெவலப்மென்ட் என்று ஒரு ஷூ

அக்கவுண்ட்ஸ்: சார், உங்கள் டூர் பில்லில் "பிசினஸ் டெவலப்மென்ட்" என்று ஒரு வரி இருக்கிறதே, அது என்ன?

சேல்ஸ்: ஷூ.

அக்கவுண்ட்ஸ்: ஷூவா?

சேல்ஸ்: பின்னே, தேய்ந்துபோன ஷூவோடு போய் நின்றால் கிளையன்ட் நம்ம கம்பெனியைப் பற்றி என்ன நினைப்பார் மேடம்? கால் என்னுடையதுதான், மரியாதை கம்பெனிக்குத்தானே.

அக்கவுண்ட்ஸ்: அப்படியானால் டூர் முடிந்ததும் ஸ்டோரில் ஒப்படைத்திருப்பீர்களே?

சேல்ஸ்: அதெப்படி, என் சைஸ் ஆச்சே!

அக்கவுண்ட்ஸ்: சரி, அதை அடித்துவிடுகிறேன். அப்புறம், மீட்டிங் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது, ரூம் மட்டும் திங்கள் காலை வரை ஓடியிருக்கிறது, அதுவும் இரண்டு பேர் என்று.

சேல்ஸ்: வீட்டம்மா வந்திருந்தாங்க. ஒருத்தர் தங்கினாலும் இரண்டு பேர் தங்கினாலும் வாடகை ஒன்றுதான், வேண்டுமானால் ஓட்டலில் கேட்டுப் பாருங்கள்.

அக்கவுண்ட்ஸ்: கேட்டுவிட்டேன். அதனால் வெள்ளி வரை எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை, அவங்க வந்ததால் கம்பெனிக்கு ஒரு பைசா கூடவில்லை. சனியும் ஞாயிறும்தான் உங்களுடையது.

சேல்ஸ்: கம்பெனி கார்டில்தானே போட்டேன், சம்பளம் வந்ததும் கட்டிவிடுகிறேன். முன்பணம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அக்கவுண்ட்ஸ்: 1995-ல் ஸ்வீடனில் துணைப் பிரதமராக இருந்த மோனா சாலினும் இதையேதான் சொன்னார். அரசாங்கக் கார்டில் சொந்தச் சாமான் வாங்கியிருந்தார், அதில் டோப்லரோன் சாக்லேட்டும் சேர்த்தி. பணத்தைத் திருப்பிக் கட்டினார், வழக்கும் இல்லை, ஆனாலும் அடுத்த பிரதமர் ஆகியிருக்க வேண்டியவர் போட்டியிலிருந்து விலகி, இருந்த பதவியையும் விட்டுவிட்டுப் போனார்.

சேல்ஸ்: சாக்லேட்டுக்கா? நான் ஷூ வாங்கியிருக்கிறேனே!

அக்கவுண்ட்ஸ்: முன்பணம் என்றால் முதலில் கேட்க வேண்டும் சார். எடுத்துக்கொண்ட பிறகு அதற்குப் பேர் வைக்கக்கூடாது.

சேல்ஸ்: சட்டமெல்லாம் நமக்கு மட்டும்தான், இல்லையா?

(இந்த இடத்தில் எல்லா சேல்ஸ்காரர்களும் முதலாளி அறைப் பக்கம் பார்ப்பார்கள். இவரும் பார்த்தார்.)

அக்கவுண்ட்ஸ்: போன மாதம் அவர் வீட்டு ஏசி ரிப்பேரை "ஆபீஸ் மெயின்டனன்ஸ்" என்று கொண்டுவந்தார், டிராயிங்ஸில், அதாவது முதலாளி சொந்தத்துக்கு எடுத்த பணத்துக்கான கணக்கில், அவர் பேரிலேயே ஏற்றிவிட்டேன். சொந்தக் கம்பெனியாக இருந்தாலும் கல்லா வேறு, சட்டைப்பை வேறு. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே நாற்காலியில்தான் அவரும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சேல்ஸ்: அப்போ நான் ஒன்று கேட்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்து கம்பெனி வேலை பார்க்கிறேனே, என் போன், என் நெட், என் கரண்ட், அதையெல்லாம் யார் தருவது?

அக்கவுண்ட்ஸ்: நியாயமான கேள்வி. அது கம்பெனி செலவுதான், அந்தப் பங்கைக் கேட்காமல் விட்டது உங்கள் தப்பு. இந்தாங்க ஃபாரம், மேனேஜரிடம் கையெழுத்து நானே வாங்கித் தருகிறேன்.

சேல்ஸ்: அடடே! இந்தக் கடைசிக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும்?

அக்கவுண்ட்ஸ்: எந்தெந்த ராத்திரி, எத்தனை மணி நேரம், என்ன வேலை பார்த்தீர்கள் என்று.

சேல்ஸ்: ...வேண்டாம் மேடம், கம்பெனிக்கு நான் கொடுத்ததாகவே இருக்கட்டும்.