ஸ்காபரோவை விட்டே போகாத அம்மம்மா கனடாவில்தான் இருந்தாவோ?

பி.ஆர். காட், அதாவது கனடாவின் நிரந்தர வதிவிட அட்டை, புதுப்பிக்க அனுப்பின கவர் இன்னொரு வீட்டுக்கும் திரும்பி வந்துவிட்டது. அனுப்பினதெல்லாம் அனுப்பின ஒழுங்கிலேயே உள்ளே இருக்கிறது. மேலே மட்டும் புதிதாக ஒரு தாள்: கனடாவில் வசித்ததற்குக் காட்டிய ஆதாரம் போதாது. பி.ஆர். காட் புதுப்பித்த சனத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வயிறு எரியத் தொடங்கியிருக்கும்.

இந்த முறை அது வந்தது ஒரு அம்மம்மாவுக்கு. எழுபது தாண்டிவிட்டது. ஐந்து வருடத்தில் ரொறன்ரோவின் ஸ்காபரோவை விட்டு மிஞ்சிப் போனால் பக்கத்து ஊரான மார்க்கம் வரை போயிருப்பார், அதுவும் சொந்தக்காரப் பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கு. பிளேன் ஏறவில்லை, எல்லை தாண்டவில்லை. பாஸ்போர்ட்டில் ஒரு சீல் கிடையாது, முதல் தவணைக்கு வாங்கின கொப்பி மாதிரி வெள்ளையாகக் கிடக்கிறது. சட்டம் கேட்பது ஐந்து வருடத்தில் 730 நாள். மனுசி இருந்தது 1826 நாளும். ஆனால் நிரூபிக்க ஏலாது. ஒரு இடமும் போகாதவரிடம் தாள் எங்கேயிருந்து வரும்?

மாதத்துக்கொரு தடவை பறக்கிறவரைக் கேளுங்கள். போர்டிங் பாஸ், சீல், ஹோட்டல் பில், கொம்பனிக் கடிதம் என்று ஒரு கோப்பே வைத்திருப்பார். 730ஐத் தட்டுத்தடுமாறித் தாண்டியிருந்தாலும் அவர் பாடு சுகம். வீட்டுக்குள் இருந்து பேரப்பிள்ளை வளர்த்ததுக்குத்தான் தண்டனை.

சரி, விண்ணப்பம் என்ன கேட்கிறது? வசித்ததைக் காட்ட இரண்டு ஆதாரம். உதாரணமும் தருகிறார்கள்: சம்பளச் சீட்டு, பாங்க் ஸ்டேற்மென்ற், வாடகை ஒப்பந்தம், ரக்ஸ் (வரி) நோட்டிஸ், அரசாங்க உதவிப்பணம் கிடைத்த சான்று, கிளப் உறுப்புரிமை. இரண்டே இரண்டுதானே என்கிறீர்களா? வாருங்கள், அம்மம்மாவையும் பக்கத்தில் இருத்தி வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சம்பளச் சீட்டு. விடிய ஐந்து மணிக்குப் புட்டு அவிக்கிறார். இரண்டு பிள்ளைகளை வெளிக்கிடுத்திப் பள்ளி பஸ்ஸில் ஏற்றுகிறார். பின்னேரம் திரும்ப இறக்குகிறார். நடுவில் சமையல், துவையல், மருமகனுடைய நெஞ்செரிச்சலுக்குக் கொத்தமல்லித் தண்ணி. இத்தனைக்கும் கழிவு போட்டுச் சம்பளச் சீட்டு அடித்துக் கொடுத்த மருமகன் இன்னும் பிறக்கவில்லை.

வாடகை ஒப்பந்தம். மகளின் வீட்டில் மேல்மாடி அறை. பெற்ற மகளோடு லீஸ் எழுதிக் கையெழுத்து வைத்த தாயை எங்கேயாவது காட்டுங்கள், கும்பிடுகிறேன். பேஸ்மென்ற்றில் இருக்கிறவர்களுக்கு இதே வில்லங்கம் வேறு வழியால் வரும். வீட்டுக்காரர் காசாகத்தான் வாங்குவார். ரசீது என்றால் முகம் கறுக்கும். கடிதம் என்றால் "அடுத்த மாதம் வேற இடம் பாருங்கோ". ஒன்ராறியோவில் 2018 ஏப்ரல் 30இலிருந்து எழுதப்படுகிற வீட்டு லீஸ் அரசாங்கத்தின் பொதுப் படிவத்தில்தான் இருக்க வேண்டும். ரசீது கேட்டால் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். அதைப் போய் அந்த மனுசனிடம் யார் சொல்கிறது? நீங்கள் சொல்லுங்கள், நான் காருக்குள் இருக்கிறேன்.

ஹைட்ரோ, அதாவது கரண்ட் பில், மருமகன் பெயரில். காஸ் பில் மருமகன் பெயரில். போன், மகளின் ஃபமிலி பிளானில் நாலாவது இலக்கம். இந்த வீட்டுப் பில்களை மட்டும் வைத்து ஒருவர் தீர்ப்புச் சொன்னால், அங்கே அம்மம்மா என்றொரு ஆள் கிடையாது.

பாங்க் ஸ்டேற்மென்ற். அப்பாடா, இது இருக்கிறது! மகளோடு கூட்டுக் கணக்கு. ஆனால் மிச்சத்தில் எத்தனை டொலர் கிடக்கிறது என்பது இங்கே வேலைக்கு உதவாது. வேண்டியது நீங்கள் எங்கே நின்று பாங்க் காட்டை உரசினீர்கள் என்பது. எக்லிங்டனில் மரக்கறி, மார்க்கம் ரோட்டில் மருந்து, கோடை குளிர் என்று ஐந்து வருடமும் பரவிக் கிடந்தால்தான் ஆளின் தலைக்கறுப்புத் தெரியும். அம்மம்மாவின் கணக்கில் காட் உரசியது முழுக்க மகள். ஆகவே மகள் கனடாவில் இருந்தாள் என்பது ஐயந்திரிபற நிரூபணம். மகள் எப்போதோ சிற்றிசன் (குடியுரிமை) எடுத்துவிட்டாள்.

கிளப் உறுப்புரிமை. இதை எழுதினவர் கோல்ஃப் விளையாடுகிறவராக இருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு முதியோர் சங்கம் இருக்கிறது, அங்கே கொடுத்த அட்டை இருந்தால் தேடி எடுங்கள், திகதி இருக்கிறதா என்று பாருங்கள். கோயில் ஐயர் நல்ல மனதோடு ஒரு கடிதம் தருவார். தமிழில் தந்தால் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்த்தவர் சான்றிதழ் பெற்றவர் இல்லையென்றால் கூடவே சத்தியக் கடதாசி. மூலக் கடிதத்தின் பிரதியும் வேண்டும். இவ்வளவு பட்டும், தெரிந்தவர் எழுதித் தருகிற கடிதத்தின் பாரம் கொஞ்சந்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார் என்று ஐயர் சொன்னால் பிள்ளையார் நம்புவார். கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பிறகு எதுதான் எடுபடும்? இதைத்தான் ஒருவரும் நேரத்துக்குச் சொல்வதில்லை. முதலில் ரக்ஸ். "எனக்கு ஒரு சதம் வருமானமில்லை, நான் என்னத்துக்கு ரக்ஸ் ஃபைல் பண்ண வேணும்?" என்று ஐந்து வருடம் சும்மா இருந்த ஒவ்வொரு அம்மம்மாவுக்காகவும், அதைச் சரி என்று தலையாட்டின ஒவ்வொரு மகனுக்காகவும் எனக்கு வருகிற கோபத்தைச் சொல்லி முடியாது. பூச்சியம் என்று போட்டாவது வருடா வருடம் ஃபைல் பண்ணுங்கள். ஜி.எஸ்.ரி. கிரெடிற் என்ற அரசாங்க உதவிப்பணம் வருவதும் அந்த ஃபைலிங்கால்தான். அதோடு ஒவ்வொரு வருடத்துக்கும் நோட்டிஸ் ஒவ் அசெஸ்மென்ற் என்றொரு வரிக் கணிப்புக் கடிதம் வரும். இரண்டு ஆதாரத்தில் ஒன்று அங்கே முடிந்தது. வந்த கடிதத்தைத் தொலைத்திருந்தால் ரக்ஸ்காரரின் மை அக்கவுன்ற் என்ற இணையக் கணக்கில் இறக்கலாம். பழைய வருடங்களை இப்போதும் ஃபைல் பண்ணலாம், கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான்.

ஆனால் ஐந்து நோட்டிஸ் இருந்தும் சிலருக்குக் கவர் திரும்பியிருக்கிறது. காரணம் லேசு: யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டும் ஒன்ராறியோவில் ரக்ஸ் ஃபைல் பண்ணலாம். அது அதிகாரிகளுக்கும் தெரியும். ஆகையால் இரண்டாவது ஆதாரம் உடம்பு இங்கே நின்றதைக் காட்ட வேண்டும். வயதானவர்களுக்கு அதில் கெட்டிக்காரச் சாமான் வைத்தியப் பதிவு. எந்தத் திகதியில் எந்த டொக்டரிடம் போனார், எங்கே இரத்தம் குத்திப் பார்த்தார் என்று ஒன்ராறியோவின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப்புக்குப் போன கணக்கு முழுவதும் மாகாணத்திடம் இருக்கிறது. தன் பதிவைத் தானே எழுதிக் கேட்டு எடுக்கலாம். காத்திருக்கத்தான் வேண்டும், அதனால் காட் முடிகிற மாதத்தில் தொடங்காதீர்கள். மருந்துக்கடையில் போய் "ஐந்து வருட மருந்துப் பட்டியல் அடித்துத் தாங்கோ" என்றால் அங்கேயே தரக்கூடும். குடும்ப டொக்டரின் கடிதமும் நல்லது. ஆனால் கடிதம் எழுதுகிற வேலைக்கு ஓஹிப் காசு கொடுக்காது, உங்கள் கையால் கட்ட வேண்டும். பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றும் இருக்கிறவர் இந்த விசயத்தில் கொடுத்து வைத்தவர். ஆரோக்கியமாக இருந்தவர் என்ன செய்வாரோ, கடவுளுக்கே வெளிச்சம்.

இதில் எரிச்சலின் உச்சம் என்னவென்றால், யார் எப்போது வந்தார், போனார் என்பது அரசாங்கத்துக்கே தெரியும். பி.ஆர். காரர் தரைவழியாக அமெரிக்காவுக்குள் போனால் அந்தத் தகவல் கனடாவுக்கு வருகிற ஏற்பாடு 2013இலேயே தொடங்கியது. பிளேனில் வெளிக்கிடுகிறவர்களின் விபரத்தை எயர்லைன்காரர் கொடுக்கிற விதி 2020 ஜூன் 25இலிருந்து. உள்ளே வருகிற பதிவு எப்போதும் இருக்கிறது. அதாவது நீங்கள் எந்தக் கிழமை எந்தப் பிளேனில் ஏறினீர்கள் என்று எல்லைக்காரரின் கணினிக்குத் தெரியும். பியர்சன் எயர்போர்ட்டில் மெசினுக்குள் பாஸ்போர்ட்டை வை, முகத்தைக் காட்டு, தாளை எடு, போ என்கிறார்கள். சீல் குத்துவதில்லை. பிறகு ஐந்து வருடம் கழித்து, "எப்போது வந்தாய்? ஆதாரம் எங்கே?"

நீங்கள் உங்களுடைய பயண வரலாற்றை எல்லைச் சேவையிடம் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு எடுக்கலாம். கட்டணமில்லை. 30 நாளில் பதில் தரவேண்டும், அதை நீட்டிக்கவும் அவர்களுக்கு இடமிருக்கிறது. எடுத்து என்ன செய்வது? அரசாங்கத்தின் இடது கையிடம் இரந்து வாங்கி வலது கையிடம் கொடுப்பது. அம்மம்மாவுக்கு எடுத்தால் ஐந்து வருடத்துக்கும் ஒரு வரி இராது. வெற்றுப் பாஸ்போர்ட்டுக்குத் துணையாக வெற்று அறிக்கை. இருந்தும் எடுத்து வையுங்கள், வெறுமைக்கும் இங்கே விலை இருக்கிறது.

பயணம் போகிறவர்களுக்கு வேறு நரகம், அந்த அட்டவணை. விண்ணப்பத் திகதியிலிருந்து ஐந்து வருடம் பின்னோக்கி, கனடாவுக்கு வெளியே நின்ற ஒவ்வொரு பயணமும்: எப்போது, எங்கே, ஏன், எத்தனை நாள். லண்டனில் சித்தப்பாவின் செத்தவீடு, நல்லூர்த் திருவிழா, திருச்சியில் கலியாணச் சீலை எடுப்பு. நாளை எண்ணுவதிலேயே முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். ஒரு நாளின் ஒரு பகுதி கனடாவில் நின்றாலும் அது கனடா நாள்தான். ஜூலை 1 வெளிக்கிட்டு ஜூலை 31 திரும்பினால் வெளியே நின்றது 29 நாள். முப்பதுமில்லை, முப்பத்தொன்றுமில்லை. பழைய பாஸ்போர்ட்டை ஊர்ப் பெட்டியில் போட்டவர்கள் இப்போது யோசியுங்கள், ஐந்து வருடம் பெரும்பாலும் இரண்டு புத்தகத்துக்குக் குறுக்கே விழும். அமெரிக்க விசாவில் போனவர்கள் அந்த நாட்டு எல்லைக்காரரின் இணையத்தில் ஐ-94 என்ற வருகைப் பதிவின் வரலாற்றைப் பார்த்துத் திகதி எடுக்கலாம்.

அப்புறம் இந்த 1095. சிற்றிசனுக்கு ஐந்து வருடத்தில் 1095 நாள் உள்ளே நின்றிருக்க வேண்டும். பி.ஆர். காட் படிவத்திலோ 1095 நாள் வெளியே நின்றீர்களா என்று கேள்வி. அதே இலக்கம், நேரெதிர்ப் பக்கம். இரண்டையும் குழப்பி, "எனக்கு 1095 இல்லை, காட்டைப் பறிக்கப் போறாங்கள்" என்று நித்திரை கொள்ளாமல் திரிந்தவர்கள் எத்தனை பேர்! உங்களுக்கு வேண்டியது 730. சிற்றிசன் கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் கூட இருந்த நாளும் அதற்குள் சேரும். கனடியக் கொம்பனி முழுநேர வேலைக்கு வெளியே அனுப்பின நாளும் சேரும். ஆனால் அதற்கு ஆதாரம், அதற்கு மேல் ஆதாரம். திரும்ப முதலிலிருந்து.

இன்னொன்று, காட் முடிந்தால் பி.ஆர். முடியாது. பயப்படாதீர்கள். ஆனால் ஊரில் நிற்கும்போது முடிந்தால் பிளேனில் ஏற்றமாட்டார்கள். தனியாகப் பயண ஆவணம் எடுக்க வேண்டும். அதற்கும் 50 டொலர், அதற்கும் இதே 730 விசாரணை. அமெரிக்காவுக்குப் பறந்து அங்கேயிருந்து சொந்தக் காரில் எல்லை தாண்டலாம் என்று ஒரு மேதை எப்போதும் சொல்வார். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வீட்டு வாசலில் தொங்குதாக்கும்.

இதற்குள் பெயர்ச் சிக்கல் வேறு. தகப்பன் பெயர் முன்னுக்கு, தன் பெயர் பின்னுக்கு. பாங்கில் ஒரு மாதிரி, ஹெல்த் காட்டில் ஒரு மாதிரி, ரக்ஸில் முதலெழுத்து மட்டும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு சிறு விளக்கக் கடிதம் வைத்துவிடுங்கள். அவர்களாக ஊகிப்பார்கள் என்று இருக்காதீர்கள்.

"அம்மம்மாவுக்குச் சிற்றிசனே எடுத்துவிடலாமே?" எடுக்கலாம். 55 தாண்டினால் சோதனையுமில்லை, ஆங்கிலமும் கேட்கமாட்டார்கள். ஆனால் சிற்றிசன் எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போகும், இரட்டைக் குடியுரிமைக்குத் தனியாக அலைய வேண்டும், ஊர்க்காணி என்ன ஆகுமோ என்ற பயம். ஆகவே ஐந்து வருடத்துக்கொரு தடவை இந்தத் திருவிழா.

கடைசியில் படம். 50க்கு 70 மில்லிமீற்றர். நாடியிலிருந்து உச்சந்தலை வரை முகம் 31 முதல் 36 மில்லிமீற்றருக்குள். பின்பக்கம் கடையின் பெயர், முகவரி, எடுத்த திகதி. சீல் மை காயமுதல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் மற்றப் படத்தில் அம்மம்மாவின் நெற்றியில் கடை முகவரி அச்சாகும், அதற்கும் கவர் திரும்பும். சிரிக்கக் கூடாதாம். இந்தத் தாள்களெல்லாம் சேர்த்து முடித்த மனுசிக்கு அதைச் சொல்லவும் வேணுமோ!

அந்தப் படக் கடைக்கு முன்னால் சனிக்கிழமை பார்க்கிங் கிடைத்தால் அது புதுக் காட் கையில் கிடைப்பதைவிடப் பெரிய அதிசயம். இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒரு வான், சாவி இல்லை, ஆள் இல்லை, நாலு லைற்றும் மின்னுது. அண்ணை, கொத்துரொட்டி வாங்கினது காணும், வந்து வானை எடுங்கோ.