நாலாம் வகுப்பு கணக்குப் புத்தகத்துல ஒரு தோட்டா

போன வாரம் ஸ்டாஃப் ரூம்ல ஆப்கானிஸ்தான் பத்தி, அங்க தாலிபான் பொண்ணுங்க படிப்பைத் தடுக்கறது பத்தி பேச்சு வந்துது. கூட வேலை பாக்கற சார் ஒருத்தர், "விடுங்க டீச்சர், அந்த மண்ணே அப்படி, அந்த ஜனங்களுக்கு அதுதான் பிடிச்சிருக்கு"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார். எனக்கு அன்னைக்கு பூரா மனசு ஆறல. பதினாலு வருஷமா கணக்கு சொல்லித்தர்றவ நான், அதனால ஒரு கணக்கை இங்க போடறேன், படிச்சுப் பாருங்க.

கலாஷ்னிகோவ் தோட்டா ஒரு செகண்டுக்கு 800 மீட்டர் போகும். ஒரு முஜாஹித் நிக்கற இடத்துல இருந்து 3,200 மீட்டர் தூரத்துல ஒரு ரஷ்யன் இருக்கான், அவன் தலைக்குக் குறி வெச்சா தோட்டா நெத்தியில பட எத்தனை செகண்ட் ஆகும்?

இது, சோவியத் ராணுவத்தை எதிர்த்து முஜாஹித்னு சொல்ற போராளிங்க சண்டை போட்ட 1980கள்ல, ஆப்கான் அகதிப் பிள்ளைங்களுக்கு அச்சடிச்ச நாலாம் வகுப்பு கணக்குப் புத்தகத்துல இருந்தது. ஒம்பது வயசுப் பிள்ளைக்கு! தயாரிச்சது எந்த முல்லாவும் கிடையாது, அமெரிக்க அரசோட வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் பணத்துல நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தோட ஒமாஹா வளாகத்துல இருந்த ஆப்கான் ஆய்வு மையம் பண்ண வேலை, 1984ல இருந்து 1994 வரைக்கும் சுமார் 5 கோடி டாலர் செலவு. எழுத்துப் பாடத்துல 'ஜீம்'ங்கற எழுத்துக்கு ஜிஹாத், 'தே'ங்கற எழுத்துக்கு தோபக், அதாவது துப்பாக்கி (நம்ம சொல்லும் அதே வேர்தான்). கூட்டல் கழித்தலுக்கு துப்பாக்கி, தோட்டா, கண்ணிவெடி படம். பின்னாடி தாலிபான் வந்தப்ப இதே புத்தகத்தைத்தான் வெச்சுக்கிட்டாங்க, மனுஷ முகத்தை மட்டும் அழிச்சுட்டு. துப்பாக்கி அவங்களுக்கு உறுத்தல.

மண்ணே அப்படின்னு சொல்றாங்களே, அந்த மண்ணுல 1921லயே காபூல்ல பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தாங்க. அமானுல்லா ராஜாவும் சொரையா ராணியும் சீர்திருத்தத்துல ரொம்ப வேகமா போனாங்க, கலகம் வந்து 1929ல நாட்டை விட்டே போக வேண்டியதாச்சு, அது உண்மை, உள்ளூர்லயே எதிர்ப்பு இருந்துது, மறைக்கக் கூடாது. ஆனாலும் 1964 அரசியலமைப்புல பெண்களுக்கு ஓட்டு வந்துது, 1965 தேர்தல்ல பெண்கள் ஜெயிச்சு பார்லிமெண்டுக்கே போனாங்க. 1978ல ஆட்சியைப் பிடிச்ச கம்யூனிஸ்டுகளும் சும்மா இல்ல, எதிர்த்துப் பேசினவங்களை எல்லாம் புல்-இ-சர்கி சிறையில அடைச்சு ஆயிரக்கணக்குல கொன்னாங்க. 1979 டிசம்பர்ல சோவியத் ராணுவம் உள்ள வந்து ஆட்சியில இருந்த கம்யூனிஸ்ட் தலைவரையே கொன்னுட்டு இன்னொருத்தரை உக்கார வெச்சுது. பத்து வருஷத்துல 50 லட்சத்துக்கு மேல ஜனங்க பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் அகதியா ஓடினாங்க.

இங்கதான் எனக்குக் கோவம் வர்ற இடம். அந்த அகதிங்க எல்லாரும் மதவெறியரா இருந்தாங்களா? பஹாவுத்தீன் மஜ்ரூஹ்னு ஒரு தத்துவப் பேராசிரியர், கவிஞர், பாகிஸ்தானோட பெஷாவர்ல தகவல் மையம் நடத்தினவர், 1987ல அகதிங்ககிட்ட யாரு தலைவரா வரணும்னு சர்வே எடுத்தார். 70 சதவீதத்துக்கு மேல பழைய ராஜா ஜாஹிர் ஷா பேரைச் சொன்னாங்க, ஆயுதக் கட்சித் தலைவர்கள் பேரைச் சொன்னவங்க ரொம்ப ரொம்பக் கம்மி. சர்வே வெளியான கொஞ்ச மாசத்துல, 1988 பிப்ரவரியில, அவரை வீட்டுலயே சுட்டுக் கொன்னுட்டாங்க. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி பாகிஸ்தானோட குவெட்டாவுல மீனா, ராவா பெண்கள் அமைப்பை ஆரம்பிச்ச பொண்ணு, சோவியத்தையும் எதிர்த்தா மதவெறியையும் எதிர்த்தா, அவளையும் கொன்னாங்க, முப்பது வயசு.

ஜனங்க யாரை வேணாம்னு சொன்னாங்களோ அவங்களுக்குத்தான் பணம் போச்சு. அமெரிக்கா ஒரு டாலர் போட்டா சவுதி ஒரு டாலர் போடும், பங்கு பிரிக்கறது பாகிஸ்தானோட உளவு அமைப்பான ஐஎஸ்ஐ, அங்க ராணுவ ஆட்சியாளர் ஜியா-உல்-ஹக் காலம், பெரிய பங்கு ஆயுதக் கட்சித் தலைவர்கள்ல ஒருத்தரான ஹெக்மத்யாருக்கு. அதே ஹெக்மத்யார் 1992க்கு அப்புறம் காபூல் மேலயே ராக்கெட் அடிச்சு ஆயிரக்கணக்குல சொந்த ஜனங்களைக் கொன்னார். அந்த அலங்கோலத்துல சலிச்சுப் போனவங்ககிட்ட, ஒழுங்கு கொண்டு வர்றோம்னு சொல்லிக்கிட்டு 1994ல காந்தஹார்லயும் 1996ல காபூல்லயும் தாலிபான் நுழைஞ்சாங்க. மதவெறி அங்க முன்னாடியே இருந்துது, நான் இல்லைன்னு சொல்லல, பத்துல ஒண்ணா இருந்ததைத் தேடிப் பிடிச்சுத் தண்ணி ஊத்தி வளர்த்து, மத்த ஒம்பதும் சாகற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

2001ல அமெரிக்கா வந்து தாலிபானை விரட்டினதுக்கு அப்புறமாவது மாறிச்சா? குண்டு போட்ட கையோட பழைய ஆயுதத் தலைவர்களைத்தான் மறுபடி நாற்காலியில உக்கார வெச்சாங்க. 2003 டிசம்பர்ல புது அரசியலமைப்புக்காகக் கூடின லோயா ஜிர்கா சபையில மலாலை ஜோயான்னு ஒரு இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு எழுந்து, நாட்டை அழிச்சவங்களையே இங்க கூப்பிட்டு உக்கார வெச்சிருக்கீங்களேன்னு கேட்டா, மைக்கை ஆஃப் பண்ணி வெளிய அனுப்பினாங்க. கடைசியில அமெரிக்கப் படை வெளியேறறதுக்கு 2020 பிப்ரவரி 29 தோஹா ஒப்பந்தம், அமெரிக்காவும் தாலிபானும் கையெழுத்து, அந்த நாட்டோட அரசாங்கத்துக்கே மேசையில இடம் இல்ல, பொண்ணுங்களோட படிப்பு பத்தி அதுல ஒரு வரி கிடையாது.

இதையெல்லாம் சொல்றதால, 2021ல மறுபடி ஆட்சிக்கு வந்த தாலிபான் பண்றதுக்கு நான் சப்பைக்கட்டு கட்டறேன்னு யாரும் நினைக்காதீங்க. 2022 மார்ச் 23ஆம் தேதி பெரிய பொண்ணுங்களுக்கும் பள்ளிக்கூடம் திறக்கறோம்னு சொல்லி வரவெச்சு, கொஞ்ச மணி நேரத்துலயே திருப்பி அனுப்பினது அவங்க சொந்த முடிவு. ஆறாம் வகுப்போட சரி. டிசம்பர்ல காலேஜும் போச்சு. மதம் சொல்லுதுன்னு சொல்றாங்க, எகிப்துல இருக்கற பெரிய இஸ்லாமியக் கல்வி மையமான அல்-அஸ்ஹரோட தலைமை இமாமே இது ஷரியாவுக்கு எதிரானதுன்னு கண்டிச்சார், உலகத்துல வேற எந்த முஸ்லிம் நாட்டுலயும் இப்படி ஒரு தடை இல்ல. அப்புறம் அதே வருஷம் செப்டம்பர் 30, காபூல்ல ஹஸாராங்கற சிறுபான்மை ஜனங்க இருக்கற பகுதியில காஜ் டியூஷன் சென்டர்ல மாதிரித் தேர்வு எழுதிக்கிட்டிருந்த பிள்ளைங்க நடுவுல ஒருத்தன் குண்டோட நுழைஞ்சு வெடிச்சான், 50 பேருக்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் பொண்ணுங்க. பரீட்சை ஹால்ல சூப்பர்விஷன் நிக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வந்துடுது.

2023 கடைசியில இருந்து பாகிஸ்தான் அகதிங்களை லட்சக்கணக்குல திருப்பி அனுப்ப ஆரம்பிச்சுது. நாற்பது வருஷம் முன்னாடி போர் நடத்த வசதியா இருந்த அதே அகதிங்களோட பிள்ளைங்க, பேரப் பிள்ளைங்க, நிறையப் பேரு அங்கயே பிறந்தவங்க. தோர்கம் எல்லையில சட்டி பானை, போர்வை, கட்டிலோட லாரி லாரியா போனாங்க. பெஷாவர்ல எட்டாவது ஒம்பதாவது படிச்சுக்கிட்டிருந்த பொண்ணுங்களும் அந்த லாரியிலதான் உக்காந்திருந்தாங்க, எல்லையைத் தாண்டின அன்னையோட அவங்க படிப்பு முடிஞ்சு போச்சு.