விலை வைப்பது யார் என்று முதலில் பாருங்கள்

சீன எண்ணெய் நிறுவனங்களையும் மருந்து நிறுவனங்களையும் பற்றி உள்பெட்டியில் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஸ்க்ரீன்ஷாட்தான் அனுப்புகிறார்கள். பி.இ. (பங்கு விலை ஒரு பங்குக்கான லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற எண்) ஒற்றை இலக்கத்தில் இருக்கும், டிவிடெண்ட் (பங்குதாரருக்குக் கொடுக்கும் லாபப் பகுதி) வங்கி வட்டியைவிட அதிகமாக இருக்கும். கூடவே, "இவ்வளவு மலிவா இருக்கே, வாங்கிப் போடலாமா?" என்ற கேள்வி.

இந்த இரண்டு எண்களை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். அந்த நிறுவனம் விற்கும் பொருளுக்கு விலை வைப்பது யார் என்று முதலில் பாருங்கள். சீனாவில் இந்த இரண்டு துறையிலும் அரசைத் தவிர்த்துவிட்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. எரிசக்தியில் அரசுதான் பெரிய முதலாளி. மருந்தில் அரசுதான் பெரிய வாடிக்கையாளர். முதலாளியாக இருக்கும் அரசு உங்களுக்கும் சேர்த்து டிவிடெண்ட் கொடுக்கும். வாடிக்கையாளராக இருக்கும் அரசு உங்கள் லாபத்தில்தான் கை வைக்கும்.

எரிசக்தியிலிருந்து தொடங்குகிறேன். வாரன் பஃபெட்டின் முதலீட்டு நிறுவனமான பெர்க்‌ஷயர் ஹாதவே 2002, 2003-ல் சீன அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோசைனாவின் 1.3 சதவீதத்தை 48.8 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தக் கணக்கில் முழு நிறுவனத்தின் மதிப்பு சுமார் 3,700 கோடி டாலர். உண்மையில் 10,000 கோடி பெறும் என்று பஃபெட் நினைத்தார். 2007-ல் அத்தனையையும் சுமார் 400 கோடி டாலருக்கு விற்றுவிட்டு வெளியேறினார். அதே ஆண்டு நவம்பரில் அதே நிறுவனம் ஷாங்காய் சந்தைக்கு வந்தது. வெளியீட்டு விலை 16.70 யுவான். முதல் நாளிலேயே 48 யுவானைத் தொட்டு, சந்தை மதிப்பில் ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டிய உலகின் முதல் நிறுவனம் என்று பேசப்பட்டது. அன்று ஆசையாக வாங்கிய சீனச் சிறு முதலீட்டாளர்கள் 2020-ல் அதே பங்கு 5 யுவானுக்கும் கீழே கிடந்ததைப் பார்த்தார்கள். எண்ணெய்க் கிணறுகள் எங்கும் போய்விடவில்லை. கொடுத்த விலைதான் தவறு.

இன்றும் ஒரே நிறுவனத்தின் பங்கு ஷாங்காயில் ஒரு விலை, ஹாங்காங்கில் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த விலை. டிவிடெண்ட் இரண்டுக்கும் ஒன்றுதான். நம்மைப் போன்றவர்கள் வாங்க முடிவது ஹாங்காங்கில் என்பதால் அந்தத் தள்ளுபடி நமக்குச் சாதகம். ஆனால் டிவிடெண்டில் 10 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொண்டுதான் கணக்குக்கு வரும். ஸ்க்ரீன்ஷாட்டில் இருக்கும் சதவீதத்தை அப்படியே நம்பாமல் இதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

எண்ணெய் நிறுவனம் என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவதை நான் ஏற்பதில்லை. சினோபெக் பெரும்பாலும் சுத்திகரிப்பும் பெட்ரோல் நிலையங்களும். பெட்ரோல், டீசல் விலையைச் சீன அரசு 10 வேலை நாளுக்கு ஒரு முறை மாற்றியமைக்கிறது. கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 130 டாலரைத் தாண்டினால் அந்த உயர்வை முழுதாக மக்கள் தலையில் ஏற்ற விடமாட்டார்கள். 2008-ல் கச்சா எண்ணெய் எகிறியபோது சினோபெக்கின் சுத்திகரிப்புப் பிரிவு பெரும் நட்டத்தில் ஓடியது, அரசு மானியம் கொடுத்துத் தாங்கியது. சி.என்.ஓ.ஓ.சி. அப்படியல்ல. அதன் வேலை கடலுக்கடியிலிருந்து எண்ணெய் எடுத்து உலக விலைக்கு விற்பது. கயானாவின் ஸ்டாப்ரோக் எண்ணெய் வயலிலும் அதற்கு 25 சதவீதம் பங்கு உண்டு. உள்நாட்டு எண்ணெய் 65 டாலருக்கு மேல் விற்றால் அரசு சிறப்பு வரி எடுத்துக்கொள்கிறது. அதையும் மீறி அதன் உற்பத்திச் செலவு குறைவு. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எனக்குத் தயக்கமே இல்லை.

நிலக்கரியும் இதே கதைதான். சைனா ஷென்ஹுவா தன் நிலக்கரியில் பெரும்பகுதியை நீண்டகால ஒப்பந்தத்தில் விற்கிறது. 2022-ல் அரசு அதற்கு டன்னுக்கு 570 முதல் 770 யுவான் என்று வரம்பு வைத்தது. அப்போது வெளிச்சந்தையில் விலை 1,000 யுவானைத் தாண்டியிருந்தது. அந்த லாபம் கைக்கு வரவில்லை. ஆனால் பின்னால் சந்தை விலை சரிந்தபோது அதே ஒப்பந்தம்தான் அதைத் தாங்கிப் பிடித்தது. இதன் மறுபக்கத்தில் மின்நிலையங்கள். 2021-ல் நிலக்கரி விலை ஏறியும் மின்கட்டணத்தை ஏற்ற முடியாமல் ஹுவானெங் பவர் 1,000 கோடி யுவான் அளவுக்கு நட்டமடைந்தது.

அரசியல் ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. சீன ராணுவத்தோடு தொடர்புள்ளதாகச் சொல்லப்பட்ட நிறுவனங்களில் அமெரிக்கர்கள் முதலீடு செய்யக் கூடாது என்று 2020 நவம்பரில் டிரம்ப் போட்ட உத்தரவுக்குப் பிறகு சி.என்.ஓ.ஓ.சி. நியூயார்க் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. அமெரிக்க முதலீட்டாளர்கள் விற்றே ஆக வேண்டிய நிலை. 2021 தொடக்கத்தில் ஹாங்காங்கில் 7 ஹாங்காங் டாலர் அளவுக்கு விழுந்த பங்கு 2024-ல் 20 ஹாங்காங் டாலரைத் தாண்டியது. அன்று விழுந்தது விலை மட்டும்தான், எண்ணெய் உற்பத்தி அல்ல. ஆனால் நியூயார்க்கில் வாங்கி வைத்திருந்து வேறு வழியில்லாமல் விற்றவருக்கு அதனால் என்ன பயன்? எந்தச் சந்தையில் வாங்குகிறோம் என்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதிதான்.

அப்புறம் மருந்து. இங்கேதான் எனக்குக் கவலை அதிகம், ஏனென்றால் "மக்கள்தொகை வயதாகிறது, மருந்து விற்காமலா போகும்" என்ற ஒரே வரியை நம்பிப் பலர் இறங்குகிறார்கள். மருந்து நிச்சயம் விற்கும். என்ன விலைக்கு என்பதுதான் பிரச்சினை. 2018 டிசம்பரில் 11 நகரங்களுக்கு மொத்தமாகக் கொள்முதல் செய்ய அரசு ஏலம் நடத்தியது. 25 மருந்துகள். சராசரி விலைக்குறைப்பு 52 சதவீதம். கல்லீரல் அழற்சி பி-க்குக் கொடுக்கும் என்டெகாவிர் மாத்திரை 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. சினோ பயோஃபார்மா, சி.எஸ்.பி.சி. பங்குகள் உடனே சரிந்தன. முந்தைய ஆண்டு லாபத்தை வைத்துப் போட்ட பி.இ. எல்லாம் ஒரே நாளில் அர்த்தமிழந்தது. 2020-ல் இதய ஸ்டென்ட்டுக்கு ஏலம் நடந்தபோது 13,000 யுவான் அளவில் இருந்தது 700 ஆனது. நோயாளிகளுக்கு இது மிகப் பெரிய நன்மை, அதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். முதலீட்டாளராக, அந்த விலைக்குறைப்பு நம் பையிலிருந்துதான் போகிறது என்று தெரிந்தே இறங்க வேண்டும்.

அதனால் ஒரு சீன மருந்து நிறுவனத்தை எடுத்தால் நான் முதலில் தேடுவது அதன் வருமானத்தில் எவ்வளவு சீனாவுக்கு வெளியிலிருந்து வருகிறது என்பதைத்தான். அகேசோ தன் புற்றுநோய் மருந்தை 2022-ல் அமெரிக்காவின் சம்மிட் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தபோது முன்பணமாக மட்டும் 50 கோடி டாலர் பேசப்பட்டது. அந்த விலையைச் சீன அரசின் மருத்துவக் காப்பீட்டு வாரியம் வைக்கவில்லை. ஆனால் வெளிநாட்டை நம்புவதிலும் வேறு அடி விழும். வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்கு ஆராய்ச்சியும் உற்பத்தியும் செய்து கொடுப்பது வூஷி ஆப்டெக். சில சீன நிறுவனங்களோடு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க மசோதாவில் 2024 ஜனவரியில் அதன் பெயர் வந்ததும் பங்கு சரிந்தது.

கணக்கை நம்பலாமா என்ற கேள்வியும் மருந்துத் துறையில்தான் கூர்மையாக எழுகிறது. சீனப் பாரம்பரிய மருந்து விற்ற காங்மெய் நிறுவனம், 2017 கணக்கில் காட்டிய ரொக்கத்தில் சுமார் 3,000 கோடி யுவான் இல்லவே இல்லை என்று 2019-ல் ஒப்புக்கொண்டது. நிறுவனருக்கு 12 ஆண்டு சிறை. ஆனால் அதன் ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) பார்த்திருந்தால் முன்பே உறுத்தியிருக்கும்: கையில் மலைபோல ரொக்கம் இருக்கும்போதே பெரிய அளவில் கடனும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ரொக்கம், கடன், வாங்கிய வட்டி, கட்டிய வட்டி, இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

நான் எண்ணெயில் கொஞ்சம் வைத்திருக்கிறேன், மருந்தில் அதைவிடக் குறைவாக. இரண்டும் சேர்ந்து மொத்த முதலீட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட விடுவதில்லை. டிசம்பரில் கணக்கு முடிக்கும் நிறுவனங்களின் ஆண்டு முடிவுகள் மார்ச் கடைசிக்குள் வந்துவிடும். சி.என்.ஓ.ஓ.சி. 2025 முதல் 2027 வரை லாபத்தில் 45 சதவீதத்துக்குக் குறையாமல் டிவிடெண்டாகக் கொடுப்போம் என்று சொல்லியிருக்கிறது. வாங்கலாமா என்று கேட்டவர்கள், அதைச் சரிபார்த்துவிட்டு வாருங்கள், மேலே பேசலாம்.