அப்பத்தா போனுக்கு என்ன கேடு?

போன மாதம் அப்பத்தாவின் போனில் பேங்க் ஆப் திறக்கவில்லை. ஆண்ட்ராய்டு பழசாம். திரையில் ஒரு கீறல் கிடையாது, பேட்டரி போன வருடம்தான் மாற்றினோம். காரைக்குடியில் வழக்கமான கடைக்குக் கொண்டுபோனேன். "ஸ்பீக்கர், சார்ஜிங் போர்டுன்னா இப்பவே மாத்திரலாம்ணே. இது கம்பெனிக்காரன் அப்டேட் விட்டாத்தான்" என்றார் தம்பி. கம்பெனி நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது.

"நல்லாத்தானே பேசுது, அதுக்கு என்ன கேடு வந்துச்சு?" என்கிறார் அப்பத்தா.

சரி, நாமே பார்ப்போம் என்று யாரோ புண்ணியவான் அந்த மாடலுக்குத் தயாரித்த லீனியேஜ் ஓஎஸ்ஸை (ஆர்வலர்கள் நடத்தும் இலவச ஆண்ட்ராய்டு) ஏற்றினேன். போன் எழுந்தது, கால் வந்தது. கேமராவைத் திறந்தால் கறுப்பு. (பேங்க் ஆப் இப்போது வேறு காரணம் சொல்லி மறுத்தது. அந்தச் சண்டை தனி.)

ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல், போனின் பாகங்களை ஆட்டிவைக்கும் மையநிரல். அதன் ஜிபிஎல் என்ற திறந்த நிரல் உரிமப்படி, போனில் போட்டு விற்றால் கெர்னலின் மூலநிரலைத் தந்தாக வேண்டும். ஆனால் கேமரா, கிராபிக்ஸ், மோடம் எல்லாவற்றின் சூட்சுமத்தையும் கெர்னலுக்கு வெளியே மூலநிரல் காட்டாத மூடிய பைனரியாக வைத்துவிடுகிறார்கள். வாசலைத் திறந்துவிட்டு இரண்டாங்கட்டைப் பூட்டிய கதை. சிப் செய்தவன் கைவிட்டால் போன் செய்தவனும் கைவிரிக்கிறான்.

மனம் இருந்தால் இழுக்கலாம். 2015இல் வந்த ஃபேர்ஃபோன் 2க்கு சிப் நிறுவனத்தின் ஆதரவு ஆண்ட்ராய்டு 6ஓடு முடிந்தது. அந்தச் சின்னக் கம்பெனி அதை ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டுபோய், 2023 வரை பார்த்துக்கொண்டது. சிப் கம்பெனி குவால்காமின் கிராபிக்ஸுக்கு வெளியாட்கள் துழாவித் துழாவி எழுதிய ஃப்ரீட்ரீனோ டிரைவரும் (அந்தப் பாகத்தை இயக்கும் நிரல்) இன்று ஓடுகிறது.

முதல் நாளே எல்லாவற்றையும் திறந்து கொட்டு என்று நான் கேட்கவில்லை. கேமராவில் படத்தைத் தேற்றும் வித்தை அவர்கள் பிழைப்பு. மோடத்துக்கு அலைக்கற்றைச் சட்டம் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். அப்டேட்டை நிறுத்துகிற நாளில் மற்ற டிரைவர்களின் நிரலையும், வேறு ஓஎஸ் ஏற்றவிடும் பூட்லோடர் சாவியையும் கொடுத்துவிட்டுப் போகட்டும். சிப் கம்பெனியோடு ரகசிய ஒப்பந்தம் என்பார்கள். அதில் கையெழுத்துப் போட்டது அப்பத்தாவா?

பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் கைப்பிடி போன எனாமல் தூக்குக்குக்கூட விலை உண்டு. இதை அங்கேயும் வாங்கமாட்டார்கள். புது போன் வாங்கியாகிவிட்டது, பழசு பெட்டகத்தில் கிடக்கிறது. கேமரா ஓடுகிற லீனியேஜ் பில்ட் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், மாடல் எண் தருகிறேன்.