1,200 கோடி டாலர் நிவாரணமும் விலைபோகாத சோயாவும்

2025 டிசம்பரில் டிரம்ப் அமெரிக்க விவசாயிகளுக்கு 1,200 கோடி டாலர் நிவாரணம் அறிவித்ததும், விவசாயியைக் கைவிடாத தலைவர் என்று நம்மாட்களில் சிலர் இங்கே பதிவு போட ஆரம்பித்துவிட்டார்கள். அட, பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்?

நான் இருப்பது அமெரிக்காவின் மத்திய இல்லினாய். ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் மக்காச்சோளம், சோயா, இடையிடையே தானியக் கிடங்குகள், அவ்வளவுதான். அமெரிக்கா ஏற்றுமதி செய்யும் சோயாவில் ஏறத்தாழ பாதியை, 2024-இல் மட்டும் 1,200 கோடி டாலருக்கு மேல், வாங்கியது சீனா. பெரும்பாலும் அங்கே பன்றிக்கும் கோழிக்கும் தீவனம். 2025-இல் டிரம்ப் சீனச் சரக்குக்கு இறக்குமதி வரியை ஏற்றி, வரிச் சண்டை முற்றியதும் சீனாவும் பதிலுக்கு வரி போட்டு வாங்குவதைக் குறைத்துக்கொண்டே வந்து, செப்டம்பரில், அதாவது இங்கே அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கும் நேரத்தில், சீனாவுக்குள் போன அமெரிக்கச் சோயா பூஜ்யம்.

இது முன்பே பார்த்த கூத்துதான். 2018-இலும் இதே சண்டை, இதே சோயா. அப்போதும் 2018, 2019 இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 2,800 கோடி டாலர் நிவாரணம் அறிவித்தார்கள். அந்த இடைவெளியில் பிரேசில் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் திருத்தி சோயா போட்டுக்கொண்டே போனது. இன்று சீனா வாங்கும் சோயாவில் பெரும்பகுதி அங்கிருந்துதான்.

சரி, இந்த நிவாரணம் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். சோயாவுக்கு ஏக்கருக்கு சுமார் 31 டாலர். மக்காச்சோளத்துக்கு 44. சீனாவால் அதிகம் அடி வாங்கியது சோயா, காசு அதிகம் மக்காச்சோளத்துக்கு! இந்தப் பக்கம் நல்ல நிலத்துக்குக் குத்தகையே ஏக்கருக்கு 300 டாலரைத் தாண்டும், விவசாயம் செய்பவர்களில் பலர் குத்தகைதாரர்கள். அப்புறம் விதை, உரம், டீசல், வங்கிக் கடன். 31 டாலர் எந்த மூலைக்கு? அதுவும் விவசாயி கையில் தங்கப்போவதில்லை, உரக் கம்பெனிக்கும் நில உடைமையாளருக்கும் வங்கிக்கும்தான் போய்ச்சேரும். கொடுக்கும் காசு இறக்குமதி வரியிலிருந்து வருகிறது என்று பெருமை வேறு. அந்த வரியைத் துறைமுகத்தில் கட்டுவது சீனாக்காரன் இல்லை, சரக்கை இறக்கும் அமெரிக்கக் கம்பெனி. இதே இல்லினாயில் தலைமையகம் வைத்திருக்கும் ஜான் டியர் டிராக்டர் நிறுவனமே இந்த வரிகளால் 2025 நிதியாண்டில் 60 கோடி டாலர் செலவு என்று சொன்னது. அது கடைசியில் டிராக்டர் விலையில் ஏறாமல் வேறு எங்கே ஏறும்?

அர்ஜென்டினா கதைதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. செப்டம்பரில் அந்த நாட்டுப் பணம் சரிந்தபோது 2,000 கோடி டாலர் கைமாற்று தருகிறோம் என்று வாஷிங்டன் கை நீட்டியது. அதே வாரம் அர்ஜென்டினா தானிய ஏற்றுமதி வரியைத் தற்காலிகமாக நீக்க, சீனா அங்கே கப்பல் கப்பலாக சோயாவுக்கு ஆர்டர் போட்டது. ஐநாவில் அமெரிக்க நிதியமைச்சர் பெசன்ட்டின் கைபேசித் திரையை ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் படமெடுத்தார். அதிலிருந்த குறுஞ்செய்தியிலும் இதே புலம்பல்தான்: நாம் அவர்களைக் காப்பாற்றினோம், அவர்கள் நம் சந்தையை எடுத்துக்கொண்டார்கள். அரசாங்கத்துக்குள்ளேயே புரிந்தவர்கள் இருந்தும் கடிவாளம் அவர்கள் கையில் இல்லை.

அக்டோபர் 30-இல் தென்கொரியாவின் பூசானில் டிரம்ப்பும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்த பிறகு, சீனா வருடத்துக்கு 2.5 கோடி டன் அமெரிக்கச் சோயா வாங்கப்போகிறது, மாபெரும் வெற்றி என்றார்கள். 2016-இல் எந்த ஒப்பந்தமும் இல்லாமல், யாரும் யாரையும் மிரட்டாமல், சீனா வாங்கியது 3 கோடி டன்னுக்கு மேல். இதில் வெற்றி எங்கே இருக்கிறது என்று அந்தப் பதிவு போட்டவர்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.