உரையில்லாத பதிப்பும் பக்குவமில்லை என்ற பழியும்

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மாலை ஆறு மணிக்கே தெரு அடங்கிவிடும். தேயிலைத் தொழிற்சாலையின் கணக்கு வேலையை முடித்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படிக்க இதைவிட நல்ல பருவம் இல்லை என்று எண்ணித்தான், சென்ற ஆண்டு டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலின் தமிழ்ப் பதிப்பு ஒன்றை வாங்கினேன். மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் இருநூறாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. வாசகர் வட்டத்தில் இதைச் சொன்னபோது மூத்தவர் ஒருவர், "உங்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்.

அந்தச் சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. நாவலில் போருக்குப் புறப்படும் இளவரசன் ஆந்திரேயிடம் அவனுடைய கிழத் தந்தை, நீ இறந்தால் எனக்கு வலிக்கும், ஆனால் என் மகனைப்போல் நீ நடக்கவில்லை என்று கேள்விப்பட்டால் வெட்கப்படுவேன் என்ற பொருளில் பேசும் இடத்தைப் படித்துவிட்டு, அதற்குமேல் படிக்க மனமில்லாமல் விளக்கை அணைத்தவள் நான். எனக்கா பக்குவம் இல்லை?

பெயர்களில்தான் நான் சிக்கிக்கொண்டேன். அந்தத் தந்தையின் பெயர் நிக்கலாய். ரொஸ்தோவ் குடும்பத்து இளைஞனும் நிக்கலாய். பின்னால் பிறக்கும் ஆந்திரேயின் மகனும் நிக்கலாய் என்பதை இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டேன். நாவலின் முக்கியப் பாத்திரமான பியரும் ரொஸ்தோவ் வீட்டுச் சிறுவன் பேத்யாவும் உண்மையில் பியோத்தர் என்ற ஒரே பெயர் உடையவர்கள். ஒரே ஆளைக் குடும்பப் பெயரால் ஒருவரும், செல்லப் பெயரால் ஒருவரும், தந்தை பெயரைச் சேர்த்து மற்றொருவரும் அழைக்கிறார்கள். நம் பெயருக்கு முன்னால் தந்தையின் முதலெழுத்து நிற்பதுபோல ரஷ்யர்களின் பெயருக்கு நடுவே தந்தையின் பெயர் நிற்கும் என்று ஒரே ஒரு வரி அச்சிட்டிருந்தால், எந்தத் தமிழ் வாசகருக்கும் அது ஒரு நொடியில் விளங்கியிருக்கும். நான் வாங்கிய பதிப்பில் அந்த ஒரு வரி இல்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட மனிதர்கள் நடமாடும் நாவலுக்குப் பாத்திரப் பட்டியல் இல்லை, நெப்போலியனுக்கு எதிரான 1805 ஆம் ஆண்டுப் போர் எங்கெங்கே நடந்தது என்று காட்ட ஒரு வரைபடமும் இல்லை. ஆனால் முன்னுரையில் மட்டும் இது உலகின் மாபெரும் நாவல் என்ற புகழ்ச்சி பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்தப் பக்கங்களில் ஒன்றைப் பெயர்ப் பட்டியலுக்குக் கொடுத்திருக்கக் கூடாதா?

1869 இல் இது முழு நூலாக வந்தபோது படித்த ரஷ்யர்களுக்கு நெப்போலியனோடு நடந்த போர் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்ட கதை. நாவலின் முதல் உரையாடலே பிரெஞ்சில் தொடங்கினாலும் படித்த வகுப்பினருக்கு அது பழகிய மொழி. அந்த அறிவு எதுவும் நீலகிரி மலையில் இருக்கும் எனக்குப் பிறவியிலேயே வாய்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

கடினமான நூலை வாசகர் கையில் வெறுமனே கொடுப்பது தமிழ் மரபே அல்ல. திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரை எழுதினார், பத்துப்பாட்டுக்கு நச்சினார்க்கினியர் எழுதினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ. வே. சாமிநாதையருக்கே சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி முதலில் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிப் போய் அவர் சந்தேகம் கேட்டார். 1887 இல் அந்நூலை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். அவரைப் பார்த்துப் பக்குவம் இல்லை என்று யாராவது சொல்லியிருப்பார்களா? புரியாத இடத்தைப் புரியவில்லை என்று சொல்வதற்கு வெட்கப்பட வைத்து, பதிப்பில் உள்ள குறையை வாசகர் தலையில் கட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. இப்படி ஒரு சொல் கேட்டு, பெரிய நாவல்களே நமக்கு ஆகாது என்று ஒதுங்கிப்போனவர்களை எங்கள் வட்டத்திலேயே எனக்குத் தெரியும்.

நேற்று இரவு நான்காம் முறையாக முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். பழைய கணக்கேட்டின் தாளில் கோடு போட்டுப் பெயர், தந்தை பெயர், செல்லப் பெயர், யாருக்கு என்ன உறவு என்று நிரப்பிக்கொண்டே படிக்கிறேன். மழையில் மின்சாரம் போகும்வரை முப்பத்தேழு பேர் ஆகியிருந்தார்கள். நாவலைப் படித்து முடித்ததும் அந்தத் தாள்களைத் தபாலில் பதிப்பகத்துக்கு அனுப்பி, அடுத்த பதிப்பில் இவற்றை அச்சிடுங்கள் என்று கேட்கப்போகிறேன்.